ரேடியோவில் நான் சொன்னது

மரியே வாழ்க

பாம்பன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே நீ நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இதை அக்கா போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். பேசலாம் என்றால் ‘டவர் போகுதும்மா’ என்று வைத்துவிடுகிறாய். கடலுக்குள் டவர் கிடைக்காது என்பது எனக்குத் தெரியாதா? படகுக்காரன் மகள், படகுக்காரன் பெண்டாட்டி நான். எழுதி அனுப்பினால் கரைக்கு வந்ததும் நிதானமாகப் படிப்பாய் என்றுதான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் நல்ல சேதி. அம்மா ரேடியோவில் பேசிவிட்டேன். நம்ம கடல் ஓசையில்தான். 2016 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஆரம்பித்தபோது ‘நம்ம ஊருக்கெல்லாம் ஒரு ரேடியோவா’ என்று நீ சிரித்தது எனக்கு மறக்கவில்லை. அப்புறம் வலையைத் தூக்கும் முன்னாடி காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று கேட்க 90.4ஐத் திருகியது யார்? துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த காலம் போய், அடுப்படியிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது.

கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நம் குழுவில் ஆள் கேட்டார்கள். எல்லாரும் என்னைத் தள்ளிவிட்டார்கள். சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை மாதிரி ஒட்டியிருக்கிறது, மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், சத்தம் வருமாம். காதில் ஒன்றை மாட்டிவிட்டதும் நான் மூச்சு விடுவது எனக்கே கேட்டது. கேள்வி கேட்ட பிள்ளை நம் ஊர்ப் பிள்ளைதான். ‘தண்ணிக்குள்ள போகும்போது விரல்ல என்னம்மா கட்டுவீங்க’ என்றாள். நான் பாட்டுக்குக் கையை நீட்டி இந்தா பார் என்று காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கேட்கிறவர்களுக்குக் கை தெரியாது, வாயால் சொல்லுங்கள் என்றாள். சொல்லிப் பார்த்தால்தான் தெரிகிறது அது எவ்வளவு கஷ்டம் என்று. துணியைக் கீறி ஒவ்வொரு விரலாகச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போடுவது, பாறையில் கால் அறுபடாமல் தகடு கட்டுவது, கண்ணாடி மாட்டுவது, இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்து எது, கஞ்சிப்பாசி எது, கட்டக்கோரை எது என்று கேட்டாள். ஐஸ்கிரீமுக்கும் மருந்துக்கும் இதுதான் போகிறது என்றதும் அந்தப் பிள்ளையே ஆச்சரியப்பட்டாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்களில்தான் போவோம், மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவோம், சித்திரை பிறந்தால் இனப்பெருக்கக் காலத்துக்கும் நிறுத்திவிடுவோம் என்றெல்லாம் சொன்னேன். நம்மைப் போலப் பாசி எடுக்கிற சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் வெளிநாட்டில், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்கான சீகாலஜி விருது கொடுத்தார்களே, அதையும் சொன்னேன். எட்டாவதோடு நின்றவள் இவ்வளவு பேசுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், கடைசியில் அந்தப் பிள்ளை ‘உங்க பிள்ளைங்க என்ன பண்றாங்கம்மா’ என்று கேட்டாள். மகளை மண்டபத்தில் கட்டிக்கொடுத்திருக்கு, மகன் பஹ்ரைனில் படகில் இருக்கான், நல்லா இருக்கான் என்றேன். காலையில் ஒரு தடவை போட்டார்கள், சாயங்காலம் இன்னொரு தடவை போட்டார்கள். தங்கச்சிமடத்துச் சித்திகூடக் கேட்டிருக்கிறாள். கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் ‘மகன் நல்லா இருக்கானாமே’ என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். வேறு என்ன சொல்ல?

வேளைக்குச் சாப்பிடு. மீனைச் சுட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிடாதே. உப்புத் தண்ணீரில் நிற்கிறாய், ராத்திரி காலில் தேங்காய் எண்ணெய் வை. பாஸ்போர்ட்டை போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பச் சொன்னேனே, இன்னும் வரவில்லை.

நான் பேசிய அடுத்த வாரமே வேறு ஒரு பேச்சு வைத்தார்கள். நம் பையன்கள் ஏன் அரபு நாட்டுப் படகுகளுக்குப் போகிறார்கள் என்று. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் ஒவ்வொருவரும் போன் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மிச்ச நாள் என்று பிரித்தும் வடகடலில் மீன்பாடு இல்லை. எல்லை தாண்டினால் இலங்கை நேவி, தாண்டாவிட்டால் டீசல் காசுகூடத் தேறாது. வருஷத்தில் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில். ஒரு பெரியவர் கச்சத்தீவை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் விடவே இல்லை, அவர் பேச்சை வெட்டவும் அந்தப் பிள்ளைக்கு மனசு வரவில்லை.

அப்புறம் ஒரு பெண் பேசினாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை, நம் பக்கத்துப் பேச்சுதான். அவள் வீட்டுக்காரர் போய்ப் பல மாதம் பங்குப் பணமே தரவில்லையாம். கேட்கும்போதெல்லாம் ‘முதலாளி கணக்கு முடிக்கணும், மொத்தமா வரும்’ என்பாராம். வீடியோவில் வா என்றால் போன் கேமரா கெட்டுப்போச்சு என்பாராம். திரும்பி வந்த பிறகுதான் தெரிந்ததாம், ஒரு சட்டையோடு கிடந்தார் என்று. ‘எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன கேட்கவா போறேன்’ என்று அழுதாள். உன் அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவை அணைத்தார். அன்றைக்கு நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

உன் போன் கேமராவை அங்கே சரிசெய்ய எவ்வளவு ஆகும்? சும்மா கேட்கிறேன்.

பணம் வரவில்லை என்பதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. சீட்டுப் பணம் கட்டிவிட்டேன், பாசிக் காசு இருக்கிறது. அக்கா நகை அடகில் இருப்பதை மாப்பிள்ளை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் நல்ல மனுஷன். அவர் அம்மாதான் போன ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்குப் போக வேண்டும், மருமகள் கழுத்தில் ஒன்றும் இல்லையே என்றார். நான் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறது என்றேன். வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், ஏலத்துக்குப் போகாது. அதை நினைத்து நீ ஒன்றும் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஆனால் ஒன்று. உன்னைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீ கிளம்பிய அன்று பாலத்தில் ரயில் ஓடவில்லை, மண்டபம் வரை பஸ்ஸில் வந்து ஏற்றிவிட்டோம். பஸ் பாலத்தில் போகும்போது நீ ஒரு தடவையாவது கடலைத் திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன், போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது புதுப் பாலம் வந்து 2025 ஏப்ரலிலிருந்து ரயில் ஓடுகிறது, நடுவில் தூக்கும் பாகம் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. நீ வரும்போது ரயிலிலேயே பாலத்தைத் தாண்டி வரலாம்.

அந்த ரேடியோ பேச்சில் விவரம் தெரிந்த ஒருவரும் வந்திருந்தார். அவர் சொன்னதை எல்லாம் குறித்து வைத்தேன், கேள். பாஸ்போர்ட் உன் கையில் இருக்க வேண்டும், முதலாளி கையில் இருக்கக் கூடாது. அப்படியே இருந்தாலும் நகல் வீட்டில் இருக்க வேண்டும். விசாத் தாள், அங்கத்து அடையாள அட்டை, படகு நம்பர், அர்பாப் என்கிற அந்த அரபு முதலாளி பெயர், எந்தத் துறையில் படகு நிற்கிறது, எல்லாம் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனாமாவில் நம் தூதரகத்தில் மாதா மாதம் ஒரு நாள் நேரிலேயே குறை கேட்கிறார்களாம். போக முடியாவிட்டால் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் போடலாம், வீட்டில் இருப்பவர்களே போடலாமாம். நம் அரசில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, அதில் உறுப்பினர் அட்டை எடுத்துக்கொள்ளலாம். நீ எடுத்திருக்கிறாயா?

எல்லை தாண்டாதே. இங்கேயும் இதைத்தான் சொன்னேன், அங்கேயும் அதைத்தான் சொல்கிறேன். 2024இல் இடிந்தகரைப் பிள்ளைகள் 28 பேர், ஈரானில் படகு வேலைக்குப் போனவர்கள், எல்லை தாண்டினார்கள் என்று நீ இருக்கிற பஹ்ரைனில்தான் பிடித்து ஜெயிலில் வைத்தார்கள். டிசம்பரில்தான் விட்டார்கள். அப்போது நான் போன் போட்டுக் கேட்டதற்கு, அது வேறம்மா, நான் வேறம்மா என்றாய். அந்த 28 பேர் வீட்டிலும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்? கொரோனா வந்தபோது ஈரானில் மாட்டிக்கொண்டவர்களை ஜலாஷ்வா கப்பலில் ஏற்றி 2020 ஜூலை 1ஆம் தேதி தூத்துக்குடியில் இறக்கினார்கள், 687 பேர். அவர்கள் கதையை ஊரில் கேட்டுவிட்டுத்தான் நீ கிளம்பினாய். அவர்களுக்குக் கப்பல் வந்தது. எல்லா நேரமும் வருமா என்ன?

உன்னைத் திட்டுவதற்கு எழுதவில்லை. உன் வயதில் உன் அப்பா கடலுக்குப் போனால் நான் கரையில் போய் நிற்பேன். உன் விஷயத்தில் எந்தக் கரையில் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை. பணம் இல்லாமல் நீ வந்து நின்றாலும் இந்த வீட்டில் யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ரேடியோவில் நல்லா இருக்கான் என்று சொல்லிவிட்டேனே என்று எனக்காகப் பார்க்காதே. ஊர் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறேன். நீ வந்ததும் ஒரு தடவை போய்விட்டு வர வேண்டும், மொட்டை உனக்குத்தான்.

அப்பாவைப் பற்றி ஒன்று. அம்பாப் பாட்டுத் தெரிந்த பழைய ஆட்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்கிறார்கள். தாத்தா வலை இழுக்கும்போது பாடியதெல்லாம் இவருக்கு மனப்பாடம், நீயும் சின்னப் பிள்ளையில் பின்பாட்டுப் பாடுவாய். வரமாட்டேன் என்கிறார். கயிறு கையில் இல்லாமல் எப்படிப் பாடுவது என்கிறார். அந்தப் பிள்ளை ‘கயிறும் கொண்டாங்கப்பா’ என்று வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் போவார். அவருக்குப் போன் போடு. பணத்தைப் பற்றி அவராக வாயைத் திறக்க மாட்டார். நீ சொல்ல நினைப்பது ஏதாவது இருந்தால் அவரிடம் சொல். என்னிடம் சொன்னால் அழுதுவிடுவேன் என்று நினைக்கிறாய், அழமாட்டேன், ஆனாலும் அவரிடமே சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தனியாகப் படகு முனையில், அணியத்தில் நிற்காதே. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று மட்டுமாவது பதில் போடு.

இப்படிக்கு
அம்மா

அக்கா இதைப் படித்துவிட்டு, நகை விஷயத்தை ஏன் எழுதினாய், அவன் மனசு கஷ்டப்படுமே என்று என்னோடு சண்டை. அந்த வரிகளை அடித்துவிடச் சொன்னாள். நான் அடிக்கவில்லை.