அறிவியல் வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு முறையாகக் கூடியது. நூலக அலமாரி பழுதுபார்க்கப்பட்டது. மாணவர்களுக்கான நுண்ணோக்கிப் பயிற்சி வழக்கம்போல நடைபெற்றது.

ஆண்டின் பெரும்பகுதி, பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது அதன் நடுவில் வளையமாகக் கூடும் எஃப்.டி.எஸ்.இசட் என்ற புரதத்தைப் பற்றிய தொடர் வாசிப்பில் கழிந்தது. இதை முன்மொழிந்தவன் நான். ஒரே புரதத்துக்கு ஓராண்டு தேவையா என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுவதால், விரிவாக விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஈ.கோலை பாக்டீரியா பிளவுறும் இடத்தில் இப்புரதம் வளையமாக அமைந்திருப்பதை 1991-இல் எர்ஃபே பி, ஜோ லுட்கென்ஹாஸ் ஆகியோர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டினர். 1998-இல் யான் லோவே, லிண்டா ஆமோஸ் ஆகியோர், மீத்தேன் உண்டாக்கும் ஓர் ஆர்க்கியாவின் (பாக்டீரியாவைப் போன்ற, ஆனால் தனி இனமான ஒருசெல் உயிரியின்) எஃப்.டி.எஸ்.இசட் வடிவத்தைக் கண்டறிந்தபோது, அது நம் செல்களில் நுண்குழல்களைக் கட்டும் டியூபியூலினை ஒத்திருந்தது. ஒவ்வொரு மூலக்கூறும் தன் குழிவில் குவனோசின் ட்ரைபாஸ்பேட் என்ற ஆற்றல்தரும் வேதிப்பொருளை ஏந்தியிருக்கிறது. அடுத்த மூலக்கூறின் ஒரு வளைவு அக்குழிவின்மேல் வந்து பொருந்தினால்தான் அதைச் சிதைக்கும் வினைமையம் முழுமை பெறுகிறது. அது சிதைந்ததும் மூலக்கூறுகளின் பிணைப்பு தளர்கிறது. ஆகவே இழையாகச் சேரும் செயலே பின்னர் இழை பிரிவதற்கும் வழிசெய்கிறது. ட்ரைபாஸ்பேட், அது சிதைந்தபின் எஞ்சும் டைபாஸ்பேட் இரண்டின் சுருக்கமும் தமிழெழுத்தில் ‘ஜி.டி.பி.’ என்றே வந்து முதல் அமர்வைக் குழப்பியதால், பெயர்களை முழுமையாகச் சொல்வதென முடிவுசெய்தோம்.

மூன்றாம் அமர்வில் ஓர் இளம் உறுப்பினர் கேட்ட கேள்விதான் தொடரின் உயிர்நாடி. எஃப்.டி.எஸ்.இசட் ஒற்றை வரிசையாகவே கோக்கப்படுகிறது. அப்படியானால் முதல் இணைப்பும் நூறாவது இணைப்பும் ஒரே தன்மையுடையவை. செறிவு கூடக்கூட இழைகள் சிறிது சிறிதாக நீள வேண்டும். ஆனால் ஆய்வகத்தில் சுமார் ஒரு மைக்ரோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவுவரை இழைகள் அநேகமாக உருவாவதில்லை. அதைத் தாண்டியதும் திடீரெனப் பெருகுகின்றன. நான் செய்து வைத்திருந்த மரத்துண்டு மாதிரியால் இதற்கு விடை சொல்ல முடியவில்லை. துண்டுகளை இரு பாதிகளாக அறுத்து, நடுவில் கீல் பொருத்திய பிறகே விளக்கம் துலங்கியது. தனித்திருக்கும் மூலக்கூறு ஒரு வடிவிலும், இழையில் சேர்ந்தது வேறொரு வடிவிலும் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரே ஓர் இணைப்புக்காக இரு மூலக்கூறுகள் வடிவம் மாற வேண்டும். அதன்பின் வரும் ஒவ்வொன்றும் தான் மட்டும் மாறினால் போதும். தொடங்குவது கடினமாகவும் தொடர்வது எளிதாகவும் இருப்பது இதனால்தான். இந்த ஒரு விளக்கத்துக்காகவே ஓராண்டு செலவிட்டது தகும் என்பது என் உறுதியான கருத்து.

2017-இல் வெளிவந்த இரு ஆய்வுகளுக்கென ஒதுக்கிய அமர்வுக்கு வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் இருவர் நிர்வாகிகள். இழைகள் ஒரு முனையில் சேர்ந்து மறுமுனையில் உதிர்ந்தபடியே வளையத்தில் நகர்கின்றன என்பதையும், செல்சுவரைக் கட்டும் நொதிகளின் நகர்வை அவை வழிநடத்துகின்றன என்பதையும் அன்று வாசித்தோம். இழைகளின் நகர்வு மந்தமானால் பேசிலஸ் சப்டிலிஸ் என்ற வேறொரு பாக்டீரியாவில் பிளவும் தாமதமாகிறது, ஈ.கோலையில் பிளவின் வேகம் பெரிதாக மாறுவதில்லை. அன்று வராத சிலரே தொடர் விளங்கவில்லை எனப் பின்னர்ச் செயற்குழுவில் குறைகூறியது எனக்கு வருத்தமளித்தது.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. விவரங்களைப் பொருளாளர் அளிப்பார். உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சந்தா செலுத்தவில்லை. இருமுறை நினைவூட்டியும் பலரிடமிருந்து பதில் இல்லை. மாதிரிக்கான மரமும் கீல்களும் வட்டத்தின் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

தலைவர், பொருளாளர், கூட்டங்களுக்கு இடமளித்தவர், படங்களை வரைந்தளித்த உறுப்பினர் ஆகிய அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில், இழைகளைச் சவ்வோடு பிணைக்கும், நம் தசைகளிலும் உள்ள ஆக்டின் புரதத்துக்கு உறவான எஃப்.டி.எஸ்.ஏ புரதத்தையும், வளையம் செல்லின் முனைகளில் அமையாமல் தடுக்கும் ‘மின்’ (Min) என்ற பெயர்கொண்ட புரதங்களையும் வாசிக்க விரும்புகிறேன். சந்தா வந்தால்தான் அதற்கான நூல்களை வாங்க இயலும். கீல் வைத்த துண்டுகள் இன்று பன்னிரண்டே உள்ளன. அவை இழை சேர்வதைக் காட்டுகின்றன, உதிர்வதைக் காட்டவில்லை. அக்குறையைத் தீர்க்கும் கைத்திறன் எனக்கில்லை. மரவேலை அறிந்த உறுப்பினர் ஒருவர் முன்வந்தால் துண்டுகளை ஒப்படைத்து, செயலாளர் பொறுப்பையும் அவரோடு பகிர்ந்துகொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்