உன் கேள்விக்கு, பதினோரு வருடம் கழித்து

தம்பி,

'நீங்கள்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. பொறுத்துக்கொள்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினக் கூட்டத்துக்கு இந்த வருடமும் கூப்பிட்டார்கள். அதே அரங்கம், அதே கவானா கதை. வர முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்றேன். பொய். அவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள்தான், அதனால் அவர்களைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம். நல்ல மனிதர்கள். சாப்பாடு நன்றாகப் போடுவார்கள்.

அன்று அந்த மேடையில் நான் சொன்னது உனக்கு மனப்பாடமாகவே இருக்கும். கை கால் சில அங்குலத்துக்கு மேல் வளராமல் 1831-ல் அயர்லாந்தில் பிறந்த ஆர்தர் மெக்மரோ கவானா குதிரை ஓட்டினார், துப்பாக்கி சுட்டார், பாய்மரப் படகில் கடல் சுற்றினார், பதினான்கு வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார், அவரால் முடிந்தது உங்களால் முடியாதா என்று முடித்தேன். கைதட்டல் அடங்குவதற்குள் கடைசி வரிசையிலிருந்து நீ கேட்டாய்: "சார், அவருக்கு வேலைக்காரங்க எத்தனை பேரு?"

முதலில் ஒருவன் சிரித்தான், அப்புறம் அரங்கமே சிரித்தது. நான் மைக்கில் சொன்னேன்: "உழைக்கிறவன் இப்படிக் கேட்க மாட்டான்." நீ குனிந்து, காலைத் தாங்கும் காலிப்பரின் வாரை அவிழ்த்து மாட்டினாய். மறுபடி அவிழ்த்தாய். அது சரியாகத்தான் மாட்டியிருந்தது. எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் செய்வேன்.

பதில் அன்றே என்னிடம் இருந்தது, அதுதான் விஷயம். நாடாளுமன்றத்துக்குள் அவரை ஒரு வேலைக்காரர் முதுகில் சுமந்து போனார். படித்திருந்தேன், சொல்லவில்லை. குதிரை மேல் அவர் உட்கார்ந்தது, அவருக்கென்றே செய்த நாற்காலி மாதிரியான சேணத்தில், வாரால் கட்டிக்கொண்டு. அம்மா லேடி ஹாரியட் ஒரு பிரபுவின் மகள். கார்லோ, கில்கென்னி, வெக்ஸ்ஃபோர்டு என்று அயர்லாந்தின் மூன்று கவுண்டிகளில், நம்மூர் மாவட்டம் மாதிரி, நிலம். குத்தகை கட்டிய குடியானவர்கள் எத்தனை பேர் என்று நீ கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் உன் கேள்வி முழுக்க நியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினெட்டு வயதில் வீட்டை விட்டு அனுப்பப்பட்டு, அண்ணன் டாமோடும் ஒரு வாத்தியாரோடும் ரஷ்யா, பாரசீகம் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார். அண்ணன் காசநோயோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறி, வழியிலேயே போய்விட்டார். இவர் கையில் முப்பது ஷில்லிங். ஔரங்காபாத் பக்கம் குதிரையில் தபால் கொண்டுபோகும் வேலை பார்த்தார், பிறகு பூனாவில் நில அளவைத் துறையில். அங்கே மூன்று கவுண்டியும் அவருக்குக் கூட வரவில்லை. அந்த இருபது வயதுப் பையனை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அப்போதும் அவரைக் குதிரையில் ஏற்றிவிட்டது யார் என்று கேட்பாய். கேள்.

நான் விழுங்கியது இன்னொன்றும் உண்டு. ஊர் திரும்பி எஸ்டேட்டை எடுத்துக்கொண்டதும் அவர் மோசமான பண்ணையார் இல்லை. போரிஸ் மாளிகை முற்றத்தில் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து குடியானவர்களின் வழக்குகளைத் தீர்த்துவைத்தார், வீடுகள் கட்டிக்கொடுத்தார். 1872-ல் யாருக்குப் போட்டார்கள் என்று பண்ணையாருக்குத் தெரியாத ரகசிய வாக்கெடுப்பு வந்தது. 1880 தேர்தலில் அவர் தொகுதியான கார்லோ அவரைத் தோற்கடித்தது. தன் குடியானவர்களே கொடுத்த சொல்லைத் தவறிவிட்டார்கள் என்று மனம் கசந்துபோனார். அடுத்த வருடம், அயர்லாந்தின் நிலக் குத்தகையை விசாரித்த பெஸ்பரோ கமிஷன் குத்தகைதாரருக்கு நியாயமான குத்தகையும் நிலத்தில் நிலையான உரிமையும் வேண்டும் என்றபோது, உறுப்பினரான இவர் மாறுபட்டுத் தனி அறிக்கை எழுதினார். 1882-ல் குடியானவர்கள் வெளியேற்றப்பட்டுச் சும்மா கிடந்த நிலங்களை எடுத்து நடத்த நிலக்கிழார்களைச் சேர்த்து ஒரு நிறுவனமே தொடங்கினார்.

இவ்வளவு செய்தேனே, எனக்கே எதிராகவா? இதே நினைப்புத்தான் எனக்கும். உன் ஸ்கூட்டருக்காக மூன்று அலுவலகம் நான் ஏறி இறங்கினேன், என் காலோடு. அந்தப் பிள்ளைதான் நூறு பேரை என்னைப் பார்த்துச் சிரிக்கவைத்தான் என்று வெகுநாள் பொருமிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் நீ கூட்டத்துக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருக்கலாமே? இதைச் சொல்லிக்காட்டுவது அசிங்கம்தான். அழிக்கப் பார்த்தேன், மனசு வரவில்லை, இருக்கட்டும்.

சரி, அவ்வளவு கோபம் ஏன் வந்தது? ஐந்தாம் வகுப்பு வரை என்னை இடுப்பில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனது என் அக்கா. எத்தனையோ மேடையில் என் கதையைச் சொல்லிவிட்டேன், ஒன்றில்கூட அவள் வரமாட்டாள். 'தன்னம்பிக்கை' என்றுதான் ஆரம்பிப்பேன். அவள் படிப்பு எந்த வகுப்பில் நின்றது என்று இங்கே எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. அவள் பையன் படித்துக் காட்டுவான். அதனால் இதோடு விடுகிறேன்.

நீ கவானாவைப் பற்றித்தான் கேட்டாய். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது.

கூட்டத்துக்கு வேறு ஒருவரைப் பிடித்துவிட்டார்கள். சின்ன வயசுக்காரர், சக்கர நாற்காலியில் வருகிறவர். கதைக் குறிப்பு வேண்டும் என்று நேற்று ஆள் அனுப்பியிருந்தார். பழைய தாளையே கொடுத்தனுப்பினேன். அதன் அடியில் உன் கேள்வியைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.