ஒரே 48.4, இரண்டு முடிவு

அன்புள்ள முரளி,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வசந்தி அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்த வேகத்திலேயே காலி. சுந்தர் விஷயம் போனில்தான் பேச வேண்டும், எழுத்தில் வேண்டாம்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் அருண் லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுக்கிறவன்) இடத்தை விட்டுவிட்டு ரிசீவராக (பாஸ் பிடிக்கிறவன்) போகிறேன் என்கிறானாம், நீயும் சரி என்று தலையாட்டிவிட்டாயாம். பையன் ஆசைப்படுகிறான் என்று சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். “இந்தக் காலத்துக் கல்லூரி ஃபுட்பாலில் புள்ளி அடிக்கிறவன்தான் ஜெயிக்கிறான், தடுக்கிறவனை எவன் பார்க்கிறான்” என்று நீ அவனுக்குக் காரணம் சொன்னதாக வசந்தி சொன்னாள். ஓக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கிற நார்மனில் குடியிருந்துகொண்டு, அந்த அணியின் ஆட்டம் ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, இதை நீயா சொல்வது மாப்ளே?

உன் அணியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2018இல் உங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) கைலர் மர்ரே சிறந்த கல்லூரி வீரனுக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய வருஷம், ஓக்லஹோமா 14 ஆட்டத்தில் 677 புள்ளி. சராசரி 48.4. அடுத்த வருஷம் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை வைத்துக்கொண்டு எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) 15 ஆட்டத்தில் 726 புள்ளி. வகுத்துப் பார், அதுவும் 48.4. தசமம் வரைக்கும் ஒன்று. ஒரு அணி அரையிறுதியில் அலபாமாவிடம் 45-34 என்று தோற்று வீட்டுக்குப் போனது. மற்றொன்று 15-0 என்று கோப்பையைத் தூக்கியது. ஆஃபென்ஸ்தான் (புள்ளி எடுக்கிற பக்கம்) எல்லாம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 2018 ஓக்லஹோமா எதிரணிக்கு விட்டுக்கொடுத்தது ஆட்டத்துக்கு 33.3 புள்ளி, 2019 எல்.எஸ்.யூ. விட்டுக்கொடுத்தது 21.9. பதினோரு புள்ளி இடைவெளி.

அந்த 2018 நவம்பரை நினைத்துப் பார். டெக்சஸ் டெக் 51-46, ஓக்லஹோமா ஸ்டேட் 48-47, கேன்சஸ் 55-40, வெஸ்ட் வர்ஜீனியா 59-56. நான்கும் வெற்றி, நான்கிலும் எதிரணிக்கு 40 அல்லது அதற்கு மேல். நீங்கள் எல்லாம் குதித்துக் கொண்டாடினீர்கள். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் சுமார் 12 தடவை பந்து கிடைக்கிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் புள்ளி எடுத்துக்கொண்டே போனால், பந்து கைநழுவுகிற ஒரே ஒரு ஃபம்பிளோ, எதிரணி கையில் விழுந்த ஒரு பாஸோ ஆட்டத்தை முடித்துவிடும். சின்ன அணிகளோடு ஆடும்போது அந்த ஒரு தப்பை அவர்கள் செய்துவிடுவார்கள். அலபாமா செய்யாது. ஆரஞ்சு பௌலில், அதாவது அந்த அரையிறுதியில், ஓக்லஹோமா முதல் புள்ளி எடுப்பதற்குள் 28-0. அலபாமா குவார்ட்டர்பேக் டுவா எறிந்த 27இல் 24 சேர்ந்தது, நான்கு டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது). சேராத பாஸைவிட டச்டவுன் அதிகம்! அதற்குப் பிறகு மர்ரே 34 புள்ளி சேர்த்ததெல்லாம் வீரம்தான், ஆனால் துரத்தவே முடியாத தூரம்.

அதற்கு முந்தின வருஷ அரையிறுதி, ரோஸ் பௌல். நான் ஜார்ஜியாக்காரன், அதனால் அதை இழுக்கிறேன் என்பாய், இழுக்கத்தான் போகிறேன். முதல் பாதி முடிய 6 விநாடி இருக்கையில் உங்கள் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டே பாஸ் பிடித்து டச்டவுன், 31-14. அடுத்து ஓக்லஹோமா தரையோடு உருட்டி உதைத்த கிக்கில் ஜார்ஜியாவுக்கு நடு மைதானம் பக்கத்தில் பந்து கிடைத்தது. ஒரு சின்ன பாஸ், 55 கெஜ ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி), 31-17. எல்லோரும் அந்தக் கிக்கைத்தான் திட்டினார்கள். எனக்கு அதைவிட முக்கியம் ஓட்டக் கணக்கு. எங்கள் ஓட்டக்காரர்களில் சோனி மிஷெல் 11 ஓட்டத்தில் 181 கெஜம், நிக் சப் 14 ஓட்டத்தில் 145. பந்தை எடுத்துக்கொண்டு நேராக ஓடுகிறார்கள், ஓட்டத்துக்கு 13 கெஜம்! உள்ளே நின்று பிடிக்க ஆளில்லை. 48 புள்ளி எடுத்தும் 54-48 என்று இரண்டாவது ஓவர்டைமில் தோல்வி. 2015, 2017, 2018, 2019 என்று நான்கு அரையிறுதியில் ஓக்லஹோமா விட்டுக்கொடுத்த புள்ளிகள் 37, 54, 45, 63. கூட்டினால் 199. எந்த ஆஃபென்ஸ் இதை ஈடுகட்டும் சொல்லு.

இப்போது காரணத்துக்கு வருகிறேன், அருணுக்கும் இதுதான் வேண்டும்.

கல்லூரி விதிகள் ஆஃபென்ஸுக்குச் சாதகம். பாஸ் போடும்போது முன்வரிசை ஆட்கள் 3 கெஜம் வரை முன்னேறலாம்; தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் 1 கெஜம்தான். பந்தை வைக்கிற இரண்டு நடுக்கோட்டு வரிசைகளுக்கு இடையே இங்கே 40 அடி, அங்கே 18 அடி 6 அங்குலம். பந்து ஒரு கோட்டில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடியில் மூன்று ரிசீவர்களை விரித்து நிறுத்திவிட்டால் யாரை எங்கே நிறுத்துவது?

இதன் மேல்தான் ஆர்.பி.ஓ. (ரன்-பாஸ் ஆப்ஷன்: ஓடுவதா எறிவதா என்று ஆட்டத்தின் நடுவிலேயே முடிவெடுப்பது) உட்கார்ந்திருக்கிறது. குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரன் வயிற்றில் வைக்கிறான், ஆனால் இன்னும் விடவில்லை. கண் முழுக்க ஒரு லைன்பேக்கர் மேல். அவன் ஓட்டத்தைப் பிடிக்க ஒரு அடி முன்னே வைத்தால், பந்தை உருவி அவன் விட்டு வந்த இடத்துக்கே பாஸ். அவன் பின்வாங்கினால் பந்தை ஓட்டக்காரனிடமே விட்டுவிடு. முன்வரிசைக்காரர்கள் இரண்டு நிலையிலும் ஓட்டத்துக்குத்தான் முட்டுகிறார்கள், 3 கெஜ விதி அதை அனுமதிக்கிறது. லைன்பேக்கர் என்ன செய்தாலும் தப்பு. அருண் இந்த இடமே வேண்டாம் என்று சலித்துக்கொள்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று என் ஊகம். அவன் தப்பு அதில் ஒன்றும் இல்லை என்று அவனிடம் சொல்.

இதற்கு மருந்து லைன்பேக்கரிடம் இல்லை, அவனுக்கு முன்னால் நிற்கிற தடியனிடம் இருக்கிறது. 2021 ஜார்ஜியாவின் ஜோர்டன் டேவிஸை நினைத்துக்கொள். 341 பவுண்டு, அந்த உடம்போடு 40 கெஜத்தை 4.78 விநாடியில் ஓடியவன். பந்து நகர்ந்ததும் அவன் இரண்டு உள்ளங்கையையும் சென்டரின் (எதிரணியில் பந்தைப் பின்னுக்குக் கொடுக்கிறவன்) மார்புத் தட்டில் பதித்து முழங்கையை நீட்டிப் பூட்டுவான். சென்டர் கை நீளத்துக்கு அப்பாலேயே நிற்பான். டேவிஸின் தலை மட்டும் இடமும் வலமும் பார்க்கும். பந்து எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் சென்டரை உதறிவிட்டுக் கையைப் போடுவான். ஒரே ஆள் இரண்டு இடைவெளிக்குக் காவல். அவனை நகர்த்த எதிரணி இன்னொருவனையும் அனுப்பியாக வேண்டும். அப்படி இரண்டு பேரை அவன் தின்றுவிட்டால், பின்னால் நிற்கும் லைன்பேக்கர் நகோபி டீனை முட்ட ஆள் மிச்சமில்லை. டீன் அரை விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு நகரலாம். அந்த அரை விநாடியில் ஆர்.பி.ஓ. செத்துவிடும். ஓட்டத்துக்கு ஆறு பேர் போதும் என்பதால் இரண்டு சேஃப்டியும் (கடைசிக் காவல்காரர்கள்) ஆழத்திலேயே நிற்கலாம், நீள பாஸும் அடைபட்டுவிடும். அந்த வருஷம் ஜார்ஜியா ஆட்டத்துக்கு 10.2 புள்ளிதான் கொடுத்தது.

ஆனால் அந்த டிஃபென்ஸும் ஒரு நாள் உடைந்தது. எங்கள் எஸ்.இ.சி. லீக்கின் இறுதியில் அலபாமா குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை ஒரு தடவைகூடக் கீழே தள்ளவில்லை. 421 கெஜம் எறிந்தான், 41-24 என்று தோற்றோம். குவார்ட்டர்பேக்குக்கு நாலு விநாடி கிடைத்தால் எந்தக் கார்னரும் ரிசீவரை ஒட்டிக்கொண்டு ஓட முடியாது. ஐந்து வாரம் கழித்து இண்டியானபொலிஸில் தேசிய இறுதி, அதே அலபாமா. இந்தத் தடவை நான்கு சாக் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பாஸைப் பிடித்துக்கொள்வது). அலபாமாவின் இரண்டு பெரிய ரிசீவர்களும் அடிபட்டு வெளியே, அதை மறைக்க மாட்டேன். எங்கள் பக்கம் வரை வந்தும் டச்டவுனாக மாற்ற முடியாமல் நான்கு தடவை ஃபீல்டு கோலோடு நின்றார்கள். நான்கும் டச்டவுன் ஆகியிருந்தால் 28, ஆனது 12. அந்த 16 புள்ளியில்தான் கோப்பை. அப்போதும் 18-13 என்று பின்தங்கியிருந்தபோது எங்கள் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னெட் நான்காம் கால்பகுதியில் இரண்டு டச்டவுன் போட வேண்டியிருந்தது. ஆஃபென்ஸ் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்?

எல்.எஸ்.யூ.வையும் இதே கண்ணால் பார். நவம்பர் நடுவில் ஓல் மிஸ்ஸுக்கு 37 புள்ளி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வரிசையாக 20, 7, 10, 28, 25. இறுதியில் கிளெம்சனிடம் 17-7 என்று பின்தங்கிய பிறகு மிச்ச ஆட்டம் 35-8. பர்ரோவின் 60 டச்டவுன் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த 8 யாருக்கும் இல்லை.

வெறும் டிஃபென்ஸை நம்பிய அயோவாவை நீ சொல்வாய், தெரியும். 2022இல் சவுத் டகோட்டா ஸ்டேட்டோடு 7-3 என்று ஜெயித்தார்கள், ஒரு டச்டவுன்கூட இல்லாமல்: ஒரு ஃபீல்டு கோல், இரண்டு தடவை எதிரணியை அவர்கள் எல்லைக்குள்ளேயே வீழ்த்தியதில் இரண்டிரண்டு புள்ளி. 2023இல் பன்ட் அடிக்கிற (முன்னேற முடியாதபோது பந்தை எதிரணிக்குத் தூர உதைத்துவிடுகிற) டோரி டெய்லர்தான் அணியின் நட்சத்திரம். 93 பன்ட், 4,479 கெஜம். பத்து ஆட்டம் ஜெயித்தார்கள். கடைசி இரண்டில் மிஷிகனிடம் 26-0, டென்னஸியிடம் 35-0. ஒப்புக்கொள்கிறேன், வெறும் டிஃபென்ஸ் ஒரு அணியைப் பத்து வெற்றி வரை கொண்டுபோகும், அதற்கு மேல் ஏற்றாது. உங்கள் ஊரிலேயே கோச் வெனபிள்ஸின் 2024 அணி அலபாமாவை 24-3 என்று சுருட்டியது. வருஷக் கடைசியில் 6 வெற்றி, 7 தோல்வி. அந்த வருஷத்துக் கடுப்பில்தான் நீ இப்படிப் பேசுகிறாய் என்பதும் புரிகிறது.

இருந்தாலும் இரண்டில் எதை முதலில் கட்ட வேண்டும் என்று கேட்டால் நான் தயங்க மாட்டேன். நல்ல குவார்ட்டர்பேக்கை டிரான்ஸ்ஃபரில் ஒரே வருஷத்தில் கொண்டுவரலாம். பர்ரோவே ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து வந்தவன்தானே. ரிசீவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். 300 பவுண்டுக்கு மேல் எடையோடு காலும் வேகமாக ஓடுகிற பையன்கள் வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான் கிடைப்பார்கள். ஒருவன் போதாது, நான்கைந்து பேர் மாற்றி மாற்றி இறங்க வேண்டும். ஒருவனையே நிறுத்தி வைத்தால் நான்காம் கால்பகுதியில் இடுப்பு நிமிர்ந்துவிடும், நிமிர்ந்தவனைப் பள்ளிக்கூடத்துப் பையன்கூடத் தள்ளிவிடுவான்.

இன்னொன்று, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2016இல் லப்பக்கில் ஓக்லஹோமாவுக்கும் டெக்சஸ் டெக்குக்கும் 66-59 என்று ஒரு ஆட்டம், இரண்டு அணியும் தலா 854 கெஜம். டெக்சஸ் டெக்கின் மஹோம்ஸ் மட்டும் 88 பாஸ் எறிந்து 12 தடவை ஓடினான். அந்த நூறு தடவையும் எதிரே ஓடிப் பிடித்தவர்கள் இருபது வயதுப் பையன்கள். நமக்கு அது தீபாவளி. களைத்துப்போனவனுக்கு முதலில் தளர்வது கால், அடுத்து தலையைக் குனிந்து மோதுகிறான், கழுத்து போவது அப்படித்தான். ஆஃபென்ஸ் நிதானமாக பத்து கெஜம் முன்னேறி ஒரு முதல் டவுன் எடுத்தால்கூட அந்தப் பையன்களுக்கு இரண்டு நிமிஷ மூச்சு. இதை எந்தப் புள்ளிப்பட்டியலும் காட்டாது.

ஆகவே அருணுக்கு. இந்த சீசன் முடியும் வரை லைன்பேக்கராகவே இருக்கட்டும். பந்துக்கு 5 கெஜம் தள்ளி நிற்கச் சொல். நான்குக்கு வந்தால் முட்டுகிறவன் கையில் சிக்கிவிடுவான். முதலில் எடுத்து வைக்கிற இரண்டு காலடியும் ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, தோள் இரண்டும் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். பந்து ஓட்டக்காரன் கையில் மாறியது கண்ணுக்குத் தெரியும் வரை பாய வேண்டாம். கார்டை (சென்டருக்குப் பக்கத்தில் நிற்கிற முன்வரிசைக்காரன்) மட்டும் பார்த்து நகர்ந்தால் ஆர்.பி.ஓ.வில் ஏமாறுவான், ஏனென்றால் கார்டு பாஸிலும் ஓட்டத்துக்கு முட்டுவது போலவேதான் வருவான். அவன் கோச்சிடம் ஒன்று கேட்கட்டும்: அவ்வப்போது சேஃப்டியை ஓட்டத்துக்கு இறக்கிவிட்டு அருணைப் பின்னுக்கு அனுப்ப முடியுமா என்று. குவார்ட்டர்பேக் அருணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறான். இரண்டு மூன்று தடவை அப்படி மாற்றினால் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பான், பாஸ் நேராக அருண் கையில் விழும். பிடிக்கும்போது தலை எப்போதும் ஓடுகிறவனின் பக்கவாட்டில், கண் மேலே. இதை மட்டும் நீயே தினமும் சொல்லு, கோச் சொல்வார் என்று விட்டுவிடாதே.

பாஸ் பிடிக்கும் ஆசை அதற்கும் மேல் இருந்தால் அடுத்த வருஷம் இரண்டு இடத்திலும் ஆடட்டும், ஹைஸ்கூலில் அது சகஜம்தானே.

சனிக்கிழமை ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் பத்து பிளே மட்டும் முன்வரிசை நடுவில் நிற்கிற இரண்டு டிஃபென்ஸ் டேக்கிளையும் பார். எத்தனை தடவை ஒருவனுக்கு இரண்டு பேர் வந்தார்கள் என்று எண்ணி எனக்கு அனுப்பு. வசந்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஊறுகாய் இன்னொரு பாட்டில் இருந்தால் மறுக்க மாட்டேன்.

உன்,
ரவி