எலி வளைக்கு என்ன விலை?

இங்கிலாந்து, வேல்ஸ் நிலப் பதிவகத்தாருக்கு,

வணக்கம். கார்ன்வால் கடலோரத்தில் மவுஸ்ஹோல் என்றொரு மீன்பிடிக் கிராமம். எழுத்தில் எலி வளை. ஊர்க்காரர்கள் வாயில் ‘மவுசல்’. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். பக்கத்தில் பென்சான்ஸில் வாடகைக்கு இருந்துகொண்டு அந்த ஊரில் வீடு வாங்க ஆசைப்பட்டேன். வீடு கிடைக்கவில்லை. உங்கள் விற்பனை விலைப் பட்டியலை மாதாமாதம் மேய்கிற பழக்கம்தான் மிச்சம்.

முதலில் நன்றி. 1995 முதல் எந்த வீடு எந்தத் தேதியில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதைக் காசு வாங்காமல் காட்டுகிறீர்கள். “இங்கே சராசரி விலை எகிறிவிட்டது, சீக்கிரம் முடிவு பண்ணுங்கள்” என்று ஒரு தரகர் அவசரப்படுத்தியபோது என்னைக் காப்பாற்றியது அந்தப் பட்டியல்தான். சின்ன ஊரில் வருடத்துக்கு விற்பதே கொஞ்சம். ஐந்து வீடு விற்றதாக வைத்துக்கொள்வோம். நான்கு வீடு தலா 3 லட்சம் பவுண்டு, துறைமுகத்தைப் பார்த்த ஐந்தாவது 13 லட்சம் என்றால் சராசரி 5 லட்சம். அந்த விலைக்கு ஊரில் ஒரு வீடுகூட விற்கவில்லை!

ஆனால் வாங்கியவர் அங்கே குடியிருக்கப் போகிறாரா என்பதற்கு உங்கள் பட்டியலில் இடமே இல்லை. வாடகைக்கு விடவென்று கடன் வாங்கியவர்களையோ, அடமானப் பதிவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தவரை, தனி வகையில் போடுகிறீர்கள். ரொக்கமாகக் கொடுத்து விடுமுறை வீடு வாங்குகிறவர், குடியிருக்க வாங்கியவரோடு ஒரே வரிசையில் நிற்கிறார்.

குளிர்காலச் சாயங்காலத்தில் அந்தச் சந்துகளில் நடந்து பாருங்கள். கதவோரத்தில் விடுமுறைக்கு வருவோருக்காக எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டி, ஜன்னல் இருட்டு. அடுத்த கதவிலும் அதே பெட்டி. 1981 டிசம்பர் 19 இரவு, புயலில் சிக்கிய கப்பலை நோக்கி உயிர்காப்புப் படகில் போன இவ்வூர்க்காரர் எட்டுப் பேரும் திரும்பவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் துறைமுகத்தின் கிறிஸ்துமஸ் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து நினைவுகூர்கிறார்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் தொலைவில் அந்த எட்டுப் பேரும் குடியிருந்ததால்தான் அன்று படகு கிளம்ப முடிந்தது.

கார்ன்வாலின் இன்னொரு கடலோர ஊரான செயின்ட் ஐவ்ஸ்காரர்கள், புது வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்று 2016-இல் வாக்களித்தார்கள். கார்ன்வால் உள்ளாட்சி மன்றம் 2025 ஏப்ரலிலிருந்து இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை இரு மடங்காகப் போடுகிறது. சரி, இதனால் குடியிருக்க வருகிறவர் கொடுக்கும் விலை இறங்குகிறதா? உங்கள் பட்டியலை வைத்துச் சொல்ல வழியில்லை.

இத்தனைக்கும் விவரம் அரசிடமே இருக்கிறது. கூடுதல் வீடு வாங்குபவருக்கு 2016 ஏப்ரலிலிருந்து முத்திரை வரியோடு வீட்டு விலையில் 3 சதவீதம் அதிகம். 2024 அக்டோபர் 31 முதல் அது 5 சதவீதம். ஆகவே, யார் கட்டினார் என்று வரித்துறைக்குத் தெரியும். பழைய வீட்டை விற்பதற்குள் புதியதை வாங்கியவரும் அதில் சிக்குவார். பிறகு அவர் பணத்தைத் திரும்ப வாங்கும்போது திருத்திக்கொள்ளலாம்.

வாங்கியவர் பெயர் எனக்கு வேண்டாம். புதிதாகக் கட்டிய வீடா என்பதற்கு ‘ஒய்’ (ஆம்) அல்லது ‘என்’ (இல்லை) என்று ஓர் எழுத்துப் போடுகிறீர்களே, வரித்துறையிடம் கேட்டு அதன் பக்கத்தில் கூடுதல் வரி கட்டினாரா என்பதற்கும் இன்னோர் எழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பென்சான்ஸ் குடித்தனக்காரன் ஒருவன்