நீலமணிகளுக்கு எலுமிச்சைச் சாறு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தபடியே மணி கோர்த்துச் சம்பாதிக்கும் பெண்களைப் பற்றி உங்கள் மகளிர் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் தொழிலுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், மங்கிப்போன நீலக் கல்மணிகளை உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த வெந்நீரில் ஊறவைக்கலாம் என்று அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. அது தவறு. அதை நம்பி யாராவது லாபிஸ் என்ற அடர்நீலக் கல்மணிச் சரத்தை ஊறப்போடுவதற்குள் திருத்தம் வெளியிடுங்கள்.

காங்கேயத்தில் கல்மணி கோர்த்து விற்பதும், கற்க வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். அப்பா கல் பட்டை தீட்டியவர். அக்வாமெரின் என்ற வெளிர்நீலக் கல் கிடைத்த படியூர் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். இங்கே கல் பார்த்து வளர்ந்த யாரிடம் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: நிறத்தைப் பார்த்து மணியைக் கழுவக் கூடாது, கல் எதுவென்று தெரிந்துகொண்டுதான் கழுவ வேண்டும்.

கடையில் நீலமாகத் தொங்கும் சரங்களில் எத்தனை வகை! கல்லின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை குறிக்கும் மோஸ் அளவில் நீலக்கல் (சஃபையர்) 9. அக்வாமெரின் ஏழரை முதல் 8 வரை. லாபிஸ் லசூலியோ 5, ஐந்தரைதான். வான்நீல டர்காய்ஸ் 5 முதல் 6. டர்காய்ஸ் என்று சொல்லி விற்கப்படும், சாயம் ஏற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல் மூன்றரைதான். இவற்றுக்கெல்லாம் ஒரே கிண்ணத்தில் ஒரே வைத்தியம் எப்படிப் பொருந்தும்?

லாபிஸை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதிகம் கெடுவது அதுதான். அது தனி ஒரு கனிமம் அல்ல, பல கனிமங்கள் சேர்ந்த பாறை. நீலம் லாசுரைட், வெள்ளைத் திட்டுகள் கால்சைட், பொன் பொட்டுகள் பைரைட். எலுமிச்சையின் அமிலம் பட்டால் கால்சைட் அரிபடும், மணியின் மெருகு போய்விடும். மறுபடி மெருகேற்றாமல் அந்தப் பளபளப்பு திரும்பாது. உப்புநீரோ துளைக்குள் தங்கி, நூலையும் வெள்ளி உருப்படிகளையும் கெடுக்கும். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வெள்ளிக்கு மெருகேற்ற விற்கும் திரவத்தில், லாபிஸோ டர்காய்ஸோ சேர்ந்த மாலையை முக்கவே கூடாது. நகைக்கடைகளில் இருக்கும் அதிர்வலைக் கழுவு கருவியும் இவை இரண்டுக்கும் ஆகாது.

டர்காய்ஸ் நுண்துளை உள்ள கல். எண்ணெய், வியர்வை, சென்ட் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு நாளடைவில் பச்சை பாயும். தலைக்கு எண்ணெய் தடவி, பவுடர் போட்டு, பூ வைத்து எல்லாம் முடித்த பிறகு கடைசியில் மாலையை அணியச் சொல்லுங்கள். கழற்றும்போது முதலில் அதைக் கழற்றட்டும். அக்வாமெரின் அப்படியல்ல. விரிசல் இல்லாத மணியாக இருந்தால் வெதுவெதுப்பான நீரையும் துளி சோப்பையும் அது தாங்கும்.

வாங்கும்போதே பாதிப் பராமரிப்பு முடிந்துவிடுகிறது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. மணியின் முகத்தைப் பார்ப்பதைவிடத் துளையின் வாயைப் பாருங்கள். இயற்கை நிறமானால் துளைக்குள்ளும் வெளியிலும் ஒரே தொடர்ச்சி தெரியும். சாயம் ஏற்றியது என்றால் விரிசல்களிலும் துளையின் விளிம்பிலும் நீலம் கோடு கட்டி நிற்கும். சில ஹௌலைட் மணிகளில் துளையின் உட்பக்கம் வெள்ளை வெளேர் என்றிருக்கும். அடுத்து, பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு, சரத்தின் கடைசி மணியில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒற்றுங்கள். பஞ்சு நீலமானால் சாயம்தான். கடைக்காரரின் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். மறுக்கிறவரிடம் லாபிஸ் வாங்காமல் இருப்பதே மேல்.

அக்வாமெரினுக்கு இன்னொரு கணக்கு உண்டு. மணி சிறுக்கச் சிறுக்க அதன் நிறம் வெளிறும். நான்கு மில்லிமீட்டர் உருண்டைகள் ஆழ்ந்த நீலத்தில், அதுவும் மலிவு விலையில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். நம்மூர்க் கடைகளுக்கு ஜெய்ப்பூரிலிருந்து வரும் சரங்களில் நல்லதும் உண்டு, கண்ணாடியும் உண்டு.

சாயம் ஏற்றுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அக்வாமெரினைச் சூடேற்றிப் பச்சை நீக்குவதும், நிறமற்ற டோபாஸைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி நீலமாக்குவதும் உலகம் முழுக்க நடக்கும் வேலைகள். ஆனால் சொல்லி விற்க வேண்டும். சாயமணியை ஜன்னல் வெயிலில் தொங்கவிட்டால் வெளுக்கும் என்பது அதை வாங்கிக் கோர்ப்பவளுக்குத் தெரிந்தாக வேண்டுமே! அந்த மாலையை விற்றவள் என்று நாளைக்கு வாடிக்கையாளர் திட்டப்போவது அவளைத்தான்.

கோர்ப்பதிலும் கவனம் வேண்டும். நீலக்கல்லையும் லாபிஸையும் அடுத்தடுத்து வைத்தால் கடினமானது மென்மையானதைத் தேய்த்துவிடும். நடுவில் சிறு வெள்ளி மணியோ, பட்டு நூல் முடிச்சோ இருக்கட்டும். மணிக்கு மணி முடிச்சிட்டால், நூல் அறுந்தாலும் ஒரே ஒரு மணிதான் கீழே விழும். துளையின் விளிம்பு கூராக இருக்கும் சரத்துக்குப் பட்டு நூல் நிற்காது. நைலான் பூசிய 0.38 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியில் கோருங்கள். மாலைகளை ஒரே டப்பாவில் குவிக்காமல் தனித்தனித் துணிப்பையில் வைப்பது நல்லது.

எங்கள் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் பெரில் (அக்வாமெரின் இதன் ஒரு வகை), நீலக்கல், லாபிஸ் மணிகள் கிடைத்தன. துளையிடாமல் பாதியில் நின்றவையும் அவற்றில் உண்டு. லாபிஸ் நம் மண்ணில் விளையாது. அதன் புகழ்பெற்ற பழைய சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷானில் இருக்கின்றன. அவ்வளவு தொலைவிலிருந்து கல் வந்து சேர்ந்த வட்டாரத்தில், இன்று மணி கோர்க்கும் பெண்கள் கையில் என்ன கல் இருக்கிறதென்றே தெரியாமல் வேலை செய்வது எனக்குப் பொறுக்கவில்லை. 'அசல் கல்' என்ற இரண்டு சொல்லோடு பல மொத்த வியாபாரிகள் பில்லை முடித்துவிடுகிறார்கள்.

என்னிடம் கற்கும் பெண்கள் ஒவ்வொரு மாலையோடும் ஒரு சீட்டு வைக்கிறார்கள்: கல்லின் பெயர், சாயமோ சூடோ ஏற்றியதா, எதில் கோர்த்தது, எதால் துடைக்க வேண்டும். இதில் முதல் இரண்டு விவரங்களையாவது மொத்த வியாபாரிகள் சரத்தின் அட்டையிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். சுயதொழில் பயிற்சி அளிக்கும் அரசுத் துறைகள் தாங்கள் வாங்கும் மணிகளுக்கு இதை நிபந்தனையாகவே வைக்கலாம். அவர்கள் காதில் விழும்படி உங்கள் நாளிதழ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்மணி கோர்க்கும் வாசகி,
காங்கேயம்.