ஜெயித்தவர் கையில் இன்னொரு தாளும் கொடுங்கள்

தமிழ்நாடு மாநில நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் மதிப்பிற்குரிய தலைவர், உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நுகர்வோர் கோர்ட் என்று மக்கள் சொல்லும் மாவட்ட ஆணையங்களின் நிர்வாகக் கட்டுப்பாடு உங்களிடம் இருப்பதால் இதை உங்களுக்கே எழுதுகிறேன். வழக்குப் போடுவது எப்படி என்று சொல்ல இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜெயித்த பிறகு பணத்தை வாங்குவது எப்படி என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சாதாரண மக்களுக்கு வாசலை நன்றாகவே திறந்து வைத்திருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம்.

எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் ஓர் அக்கா அப்படித்தான் போனார். தவணையில் வாங்கிய ஃப்ரிட்ஜ் இரண்டே மாதத்தில் குளிர்வதை நிறுத்திவிட்டது. கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டினார், கம்பெனி கடைக்காரரைக் கைகாட்டியது. பீரோவுக்குள் வைத்தாலும் எழுத்து மங்கிப்போகும் வழவழப்புத் தாளில்தான் பில். நல்லவேளையாக வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். வாய்தாவுக்கு வாய்தா அன்றைய கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றார். கடைசியில் உத்தரவு அவர் பக்கம் வந்தது. ஃப்ரிட்ஜின் விலை, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டி.

இரண்டு மாதம் கழிந்தது. கடையிலிருந்து ஒரு போன்கூட இல்லை. உத்தரவை பிளாஸ்டிக் கவரோடு என்னிடம் நீட்டி, “பணத்தைக் கோர்ட்டுல கட்டிட்டாங்களா தம்பி, நான் எங்க போய் வாங்கணும்?” என்று கேட்டார். முதல் வரியிலிருந்து கடைசிப் பக்கத்து முத்திரை வரை படித்துப் பார்த்தேன். அவர் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

சட்டத்தில் இருக்கிறது. 71ஆம் பிரிவின்படி ஆணையத்தின் உத்தரவை சிவில் கோர்ட் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம். எதிர்தரப்பின் வங்கிக் கணக்கையும் சொத்தையும் ஜப்தி செய்யச் சொல்லிக் கேட்கலாம். 72ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேல்முறையீடு செய்ய நினைத்தால் 45 நாளுக்குள் போக வேண்டும், அதுவும் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டு.

ஆனால் இதில் எதுவும் தானாக நடக்காது. உத்தரவை நிறைவேற்றித் தரச் சொல்லி ஜெயித்தவரே மறுபடியும் ஒரு மனு, அதாவது நிறைவேற்று மனு, போட வேண்டும். மறுபடியும் நோட்டீஸ், ‘கதவு பூட்டியிருந்தது’ என்று திரும்பி வரும் தபால், மறுபடியும் வாய்தா. இந்த அக்கா இன்னொரு முறை படியேற மாட்டார் என்ற கணக்கில்தான் கடைக்காரர் பேசாமல் இருக்கிறார். அந்தக் கணக்கு பல வீடுகளில் பலித்தும் விடுகிறது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. ஒவ்வொரு உத்தரவோடும் தமிழில் ஒரு பக்கத் தாள் இணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கெடு எந்தத் தேதியில் முடிகிறது, பணம் வராவிட்டால் எந்த மனு, எந்தப் பிரிவில், யாரிடம் கொடுப்பது, உத்தரவின் நகலோடு வேறு என்ன வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மனுவின் மாதிரிப் படிவம் பின்பக்கத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், உத்தரவு சொல்லும்போதே கெடு முடிந்த மறுவாரத்தில் ஒரு தேதி போட்டு, பணம் கொடுத்தாயிற்றா என்று எதிர்தரப்பு அன்றைக்கு வந்து சொல்லும்படி செய்ய முடியுமா என்று பாருங்கள். புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நிறைவேற்று மனுவுக்கு அப்படி ஒரு கெடுவை அது சொல்லவில்லை. சிவில் கோர்ட்டுகள் தங்களிடம் வரும் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆறு மாதத்தை மாவட்ட ஆணையங்களுக்கும் நீங்கள் அறிவுறுத்துங்கள்.

அக்காவின் நிறைவேற்று மனுவை இந்த வாரம் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நுகர்வோர்