ஆக்டேன் எண்ணும் ஹாரி ரிக்கார்டோவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெட்ரோல் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஆக்டேன் எண் (பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) கூடினால் இன்ஜினின் சக்தியும் கூடும் என்கிறது. பெட்ரோல் பங்க்கில் கூடுதல் விலை கொடுக்கும் பலரும் இதைத்தான் நம்புகிறார்கள். பாதிதான் சரி. மீதியை விளக்கிக் காட்டிய ஆங்கிலேய இன்ஜினியர் ஹாரி ரிக்கார்டோவின் பெயரே கட்டுரையில் இல்லை.

1885இல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹாப்கின்சனிடம் பயின்றபோதே, இன்ஜின் ஏன் 'நாக்' அடிக்கிறது, அதாவது உள்ளே தட்டுவதுபோல் சத்தமிடுகிறது என்ற கேள்வியில் இறங்கிவிட்டார். பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோல்-காற்றுக் கலவை பற்றிக்கொள்வதுதான் காரணம் என்று பலர் நினைத்த காலம் அது. உண்மையில் இரண்டும் வேறு. பிளக்கிலிருந்து தீ பரவும்போது, கடைசி மூலையில் எரியாமல் நிற்கும் கலவை நசுங்கிச் சூடேறித் தானாக வெடிக்கிறது. நாக் என்பது அந்தச் சத்தம். அது நீடித்தால் பிளக் முனை சூட்டில் சிவந்துவிடும். பொறிக்கு முன்பே பற்றுவது அப்புறம் வரும். பிஸ்டனில் ஓட்டை விழுவதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

1917இல் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு அவர் வடிவமைத்த ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன் இன்ஜினையும் சொல்லவேண்டும். பழைய இன்ஜின் கக்கிய புகை, டாங்கி நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. பிஸ்டனின் பக்க அழுத்தத்தைக் கீழே தனியாக ஒரு கிராஸ்ஹெட் (நேராக மேலும் கீழும் சறுக்கும் துண்டு) தாங்கும்படி செய்து, உள்ளே போகும் காற்றை அதைச் சுற்றி இழுத்தார். ஆயில் மேலே ஏறவில்லை, புகையும் நின்றது. ஆனால் ராணுவத்துக்குக் கிடைத்த மட்டமான பெட்ரோலால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் கலவையை நசுக்கும் அளவை, மட்டும் உயர்த்த முடியவில்லை; உயர்த்தினால் நாக் அடிக்கும்.

அன்று பெட்ரோலின் தரத்தை அடர்த்தியை வைத்து மதிப்பிட்டார்கள். லேசானதுதான் நல்லது என்பது கணக்கு. போர்னியோ பெட்ரோல் கனமானது என்று ஒதுக்கப்பட்டது. அதில் டொலுயீன் போன்ற, எளிதில் தானாக வெடிக்காத பொருள்கள் மிகுதி என்பதால் அது நாக் அடிக்காது என்று ரிக்கார்டோ கண்டார். போருக்குப் பின் ஷெல் நிறுவனத்தின் ஆதரவுடன், டிசார்ட், பை என்ற ஆய்வாளர்கள் இருவரோடும் சேர்ந்து இங்கிலாந்தின் ஷோரமில் எரிபொருள்களைச் சோதித்தார். அதற்கென்றே செய்த ஈ35 என்ற ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில், ஓடும்போதே சிலிண்டரை ஏற்றி இறக்கிக் கம்ப்ரஷனை மாற்றலாம். நாக் தொடங்கும் அளவை எரிபொருளுக்கு எரிபொருள் குறித்தார். ஆக்டேன் எண் வருவதற்கு முன்பே டொலுயீன் எண் என்ற அளவுகோலைக் கொடுத்தவர் அவர்.

எத்தனாலைப் பாருங்கள். நாக் அடிக்காமல் தாங்குவதில் சாதாரண பெட்ரோலை மிஞ்சும். லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பமோ பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்டேன் சக்தியைத் தருவதில்லை, சக்தியைக் கூட்டும் கம்ப்ரஷனை உயர்த்த இடம் தருகிறது, அவ்வளவே. கம்ப்ரஷன் குறைந்த பழைய பைக்கில் விலை கூடிய பெட்ரோல் ஊற்றினால் லாபம் பெட்ரோல் பங்க்காரருக்கு.

நாக் அடிப்பதைக் குறைக்க, சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் இடையில் தடித்த பேக்கிங் போடும் மெக்கானிக்குகளும் கவனிக்கவேண்டும். ரிக்கார்டோவின் 1919 சைடு வால்வ் (வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருக்கும்) ஹெட்டில், பிஸ்டனின் ஒரு பக்கம் ஹெட்டை ஏறக்குறைய தொடும். அங்கிருந்து பீறிடும் கலவை சுழன்று வேகமாக எரிவதால், தானாக வெடிக்க நேரம் இருக்காது. அந்த அமைப்புள்ள ஹெட்டில் பேக்கிங் தடித்தால் இடைவெளி கூடிச் சுழற்சி போய்விடும். கம்ப்ரஷன் குறைந்தும் நாக் தீராது.

நாக் சென்சார் உள்ள இன்றைய கார்களின் கதை வேறு. கையேட்டில் குறித்ததைவிட மட்டமான பெட்ரோல் போட்டால், சென்சார் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்தள்ளும், இழுவை குறையும். அங்கே சரியான ஆக்டேன் போட்டால் இழந்தது திரும்பக் கிடைக்கும். கட்டுரை சொன்னது இந்த அளவுக்குத்தான் பொருந்தும்.

— வாசகர், கோவை